கில்லிலே ஊர்க் குருவும் நினிவேயின் கல்லெழுத்தும்

அயர்லாந்துத் தீவின் வடகிழக்கில், டவுன் மாவட்டத்தில், ஸ்ட்ராங்ஃபோர்டு என்னும் கடற்கழியின் கரையில் கில்லிலே என்றொரு சிற்றூர் உண்டு. வழிப்போக்கர் நின்று நோக்கத்தக்கதாக அங்கே ஒரு பழங்கோட்டை நிற்கின்றது. இலண்டன் மாநகரிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் இச்சிற்றூரை இருமுறை குறிப்பிட்டாக வேண்டும். 1660ஆம் ஆண்டில் இவ்வூரில் பிறந்த ஹான்ஸ் ஸ்லோன் என்ற மருத்துவர் வாழ்நாளெல்லாம் திரட்டிய அரும்பொருள்களே, 1753ஆம் ஆண்டில் அந்த அருங்காட்சியகம் தோன்றுவதற்கு வித்தாயின. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, அதே அருங்காட்சியகத்தில் வந்து குவிந்த அசீரிய நாட்டுக் கற்களைப் படிக்க வழி கண்டவர்களுள் முதல் வரிசையில் நின்றவர், இவ்வூர்த் திருச்சபையின் குருவாகிய எட்வர்டு ஹிங்க்ஸ். முன்னவர் பொருள்களைத் திரட்டினார். பின்னவர் பேசாப் பொருள்களைப் பேச வைத்தார்.

ஹிங்க்ஸ் எகிப்தையும் பாபிலோனையும் கண்ணால் கண்டவர் அல்லர். பாலைவனத்தில் கூடாரம் அடித்து மண்மேடுகளை அகழ்ந்தவரும் அல்லர். நாற்பத்தோர் ஆண்டுகள் ஒரே ஊரில் குருவாக இருந்து, தம் மேசையின் மீது விரித்த அச்சுத்தாள்களையும் படிகளையும் கொண்டே, விவிலியத்தில் வரும் ஓர் இஸ்ரவேல் அரசனின் பெயரை அவன் காலத்துக் கல்லிலேயே படித்துக் காட்டினார். எனினும் அவர் பெயர் பொதுமக்களிடையே பரவவில்லை. அவர் வாழ்க்கை நம்முன் இரண்டு வினாக்களை வைக்கின்றது. ஈராயிரம் ஆண்டு மறந்துபோன ஓர் எழுத்தை ஒருவர் படித்துவிட்டதாகக் கூறினால், அவர் கூற்று மெய்யென்று நாம் எங்ஙனம் துணிவது? மெய்யைக் கண்டவருக்குரிய புகழ் மற்றொருவரைச் சென்று சேர்ந்தால், கண்டவரின் உழைப்புக்கு என்ன பொருள்? இவ்விரு வினாக்களையும் மனத்திற்கொண்டு அவர் வரலாற்றை நோக்குவோம்.

எட்வர்டு ஹிங்க்ஸ் 1792ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 19ஆம் நாள் தென் அயர்லாந்தின் கார்க் நகரில் பிறந்தார். தந்தையார் தாமஸ் டிக்ஸ் ஹிங்க்ஸ் சமய குரு, கல்வித் தொண்டர், பிற்காலத்தில் பெல்பாஸ்ட் நகரில் எபிரேய மொழி கற்பித்தவர். கல்வி மணம் கமழ்ந்த அவ்வில்லத்தில் பிறந்த பிள்ளைகள் பலரும் பெயர் பெற்றனர். எட்வர்டின் இளவல் பிரான்சிஸ் ஹிங்க்ஸ் கனடா நாட்டு அரசியலில் புகுந்து, 1851ஆம் ஆண்டில் அங்கே ஆட்சித் தலைமையை ஏற்றார். மூத்தவராகிய எட்வர்டு டப்ளின் நகரத்து டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்து, 1813ஆம் ஆண்டில் அக்கல்லூரியின் ஆய்வுறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். கல்லூரியிலேயே தங்கியிருந்தால் நூலகமும் அறிஞர் கூட்டமும் என்றும் அருகில் இருந்திருக்கும். அவரோ கல்லூரியை விட்டு ஆர்ட்ரீ என்னும் ஊரில் குருப் பொறுப்பை ஏற்றார். 1825ஆம் ஆண்டில் கில்லிலே ஊருக்கு மாற்றம் பெற்றார். 1866ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் உயிர் நீக்கும் வரை அவ்வூரே அவருக்கு இருப்பிடமாயிற்று.

சிற்றூர்க் குருவின் கடமைகள் யாவரும் அறிந்தவையே. ஞாயிறுதோறும் வழிபாடு, பிறந்த குழந்தைக்குத் திருமுழுக்கு, மணமக்களுக்கு ஆசி, மாண்டவருக்கு இறுதிச் சடங்கு, நோயாளியைச் சென்று காணல் என்று அவை ஆண்டு முழுவதும் தொடர்பவை. இவற்றுக்கிடையே எஞ்சிய பொழுதை ஹிங்க்ஸ் மொழிகளுக்கு ஈந்தார். எபிரேய மொழிக்கு ஓர் இலக்கணம் எழுதி 1832ஆம் ஆண்டில் வெளியிட்டார். பின்னர் அவர் கருத்து எகிப்தின் பட எழுத்துகளின்பால் திரும்பிற்று. பிரெஞ்சு அறிஞர் சாம்போலியன் 1822ஆம் ஆண்டில் அவ்வெழுத்தின் பூட்டைத் திறந்திருந்தார். ஆயினும் உள்ளே இருந்த அறைகள் பலவும் இருண்டே கிடந்தன.

1835ஆம் ஆண்டு தொடக்கத்தில் பெல்பாஸ்ட் நகரத்து அருங்காட்சியகத்தில், எகிப்திலிருந்து வந்த ஒரு பதப்படுத்தப்பட்ட உடலின் துணிக்கட்டுகளை அறிஞர் குழு ஒன்று பிரித்துப் பார்த்தது. அப்பெட்டியின்மேல் எழுதியிருந்த பட எழுத்துகளைப் படித்தவர் ஹிங்க்ஸ். உள்ளே இருந்தவள் ஒரு பெண் என்பதும், அவள் பெயர் தகபுத்தி என்பதும், ஆமோன் தெய்வத்தின் பூசகர் ஒருவருக்கு மகள் என்பதும் அவர் வாசிப்பால் வெளிப்பட்டன. பெயரற்ற ஒரு சடலம் பெயருள்ள ஒரு பெண்ணாக மாறியது. அந்தப் பெட்டியும் உடலும் இன்றும் பெல்பாஸ்டில் உள்ளன. டிரினிட்டி கல்லூரி நூலகத்திலிருந்த எகிப்தியச் சுவடிகளுக்கு அவர் தொகுத்த விளக்கப் பட்டியல் 1843ஆம் ஆண்டில் வெளிவந்தது.

எகிப்திய எழுத்தில் பெற்ற பயிற்சி ஹிங்க்ஸுக்கு ஓர் அரிய பாடத்தைக் கற்பித்தது. அவ்வெழுத்தில் சில குறிகள் ஒலியைக் காட்டும். சில ஒரு முழுச் சொல்லையே காட்டும். வேறு சில ஒலிக்கப்படாமல், அருகிலுள்ள சொல் இன்ன வகைப் பொருளைச் சார்ந்தது என்பதை மட்டும் உணர்த்தும். ஓர் எழுத்துமுறை முழுவதும் ஒரே விதியால் இயங்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. இந்த எண்ணத்தோடுதான் அவர் மற்றொரு புதிரை அணுகினார். அதுவே ஆப்பெழுத்து.

ஈரமான களிமண்ணில் நாணற்குச்சியின் முனையை அழுத்தினால் ஆப்பு வடிவில் ஒரு தடம் விழும். அத்தகைய தடங்களை அடுக்கியும் கோத்தும் எழுதும் முறையை டைகிரிஸ், யூப்ரடீஸ் ஆறுகளுக்கிடைப்பட்ட நாட்டார் மூவாயிரம் ஆண்டுகள் கையாண்டனர். பிறகு அது வழக்கொழிந்தது. பாரசீக மாமன்னர்கள் தம் சாசனங்களை மூன்று மொழிகளில், மூவகை ஆப்பெழுத்துகளில் வெட்டுவித்தனர். முதல் வகை பழம்பாரசீகம். அதில் அரசர் பெயர் சிலவற்றைச் செர்மானிய ஆசிரியர் குரோட்டபெண்டு 1802ஆம் ஆண்டில் இனங்கண்டார். இரண்டாம் வகை ஏலம் நாட்டு மொழி. மூன்றாம் வகை பாபிலோனியரின் மொழி. இன்று அக்கேடியம் எனப்படுவது. குறிகள் நூற்றுக்கணக்கில் இருந்தமையால் இம்மூன்றாம் வகையே மிகக் கடினமாயிற்று.

இங்கே கிழக்கிந்தியக் கும்பெனியின் பெயர் நம் காதில் விழுகின்றது. பாக்தாத் நகரில் கும்பெனியின் பிரதிநிதியாக இருந்த ஹார்போர்டு ஜோன்ஸ் என்பவரிடம், பாபிலோன் அழிபாட்டில் கிடைத்த கல் ஒன்று வந்து சேர்ந்தது. நேபுகாத்நேச்சார் அரசனின் நீண்ட சாசனம் அதில் பத்துப் பத்திகளில் வெட்டப்பட்டிருந்தது. அக்கல் இலண்டனில் இருந்த கும்பெனி மாளிகைக்குச் சென்றமையால், இன்றளவும் அறிஞர் அதனைக் 'கிழக்கிந்திய மாளிகைச் சாசனம்' என்றே வழங்குகின்றனர். அதன் எழுத்துகள் பழமையான அலங்கார வடிவில் இருந்தன. அதே வாசகத்தின் ஒரு பகுதி, எளிய வடிவ எழுத்தில் பொறித்த வேறொரு களிமண் துண்டிலும் கிடைத்தது. இரண்டின் அச்சுப்படிகளையும் ஹிங்க்ஸ் அருகருகே வைத்து வரி வரியாக ஒப்பிட்டார். இன்ன அலங்கார வடிவத்துக்கு இன்ன எளிய வடிவம் நேராகும் என்பது புலப்பட்டது. அதனினும் முக்கியமான ஒன்றும் தெரிய வந்தது. ஒரு படியில் ஒரே குறி நின்ற இடத்தில், மற்றொரு படியில் சில வேளைகளில் இரண்டு குறிகள் நின்றன.

இந்தச் சிறிய வேறுபாடே திறவுகோலாயிற்று. 'பர்' என்னும் அசையை ஒரே குறியாலும் எழுதலாம். 'ப', 'அர்' என்னும் இரண்டு குறிகளைச் சேர்த்தும் எழுதலாம் என்றால், அக்குறிகள் தனி மெய்யெழுத்துகளாக இருத்தல் இயலாது. அக்காலத்து ஆராய்ச்சியாளர், எபிரேயத்தைப் போலவே இதிலும் குறிகள் மெய்களையே காட்டும் என்று எண்ணி, ஒரே மெய்க்குப் பல குறிகள் இருப்பதைக் கண்டு திகைத்து நின்றனர். அவை ஒரே ஒலிக்குரிய பல வடிவங்கள் அல்ல. ர, ரி, ரு, அர், இர், உர் என்னும் வெவ்வேறு அசைகளுக்குரிய வெவ்வேறு குறிகள் என்று ஹிங்க்ஸ் காட்டினார். உயிர்மெய் என்னும் கருத்தை அரிச்சுவடியிலேயே கற்கும் நமக்கு இது எளிதில் விளங்கும். ஆனால் தமிழில் 'க', 'கி', 'கு' மூன்றிலும் ககரத்தின் உருவம் தெரிகின்றது. ஆப்பெழுத்தில் அத்தகைய உருவ ஒற்றுமை சிறிதும் இல்லை. உயிர் முன்னும் மெய் பின்னுமாக வரும் அசைகளுக்கும் அங்கே தனிக் குறிகள் உண்டு.

எகிப்தியப் பாடம் இப்போது கைகொடுத்தது. ஆப்பெழுத்திலும் சில குறிகள் முழுச் சொற்களைக் காட்டின; சில குறிகள் ஒலியின்றி வகையை மட்டும் உணர்த்தின. ஆண் ஒருவன் பெயருக்கு முன் நெட்டாக ஓர் ஆப்பு. தெய்வத்தின் பெயருக்கு முன் விண்மீன் போன்ற ஒரு குறி. நாட்டின் பெயருக்கு முன் வேறொரு குறி. விண்மீன் குறியே வானம் என்னும் சொல்லாகவும், தெய்வம் என்னும் சொல்லாகவும், 'அன்' என்னும் அசையாகவும் இடத்திற்கேற்ப நிற்கும். ஒரே குறிக்குப் பல ஒலிகள் உண்டென்பதே கேட்டவர் பலரையும் மருட்டியது.

ஏன் இந்தச் சிக்கல் நேர்ந்தது என்னும் வினாவுக்கும் ஹிங்க்ஸ் விடை கண்டார். எபிரேயம், அரபு ஆகியவற்றோடு உறவுடைய செமித்திய மொழி ஒன்றை எழுதுவதற்கென்று இம்முறை தோன்றியிருக்குமானால் இவ்வளவு பொருந்தாமை இராது. ஆகவே செமித்தியர் அல்லாத வேறொரு மக்கள் இதனைப் படைத்திருத்தல் வேண்டும். அசீரியரும் பாபிலோனியரும் அவர்களிடமிருந்து கடன் பெற்றிருத்தல் வேண்டும் என்று 1850ஆம் ஆண்டில் எடின்பரோ நகரில் கூடிய அறிஞர் பேரவையில் அவர் கூறினார். பிற்காலத்து அறிவைக் கொண்டு ஓர் எடுத்துக்காட்டுத் தரலாம். மலை, நாடு என்னும் பொருள் தரும் ஒரு குறிக்குக் 'குர்', 'மத்', 'ஷத்' என்னும் ஒலிகள் உண்டு. குர் என்பது சுமேரியச் சொல். மத் என்பது நாட்டைக் குறிக்கும் அக்கேடியச் சொல்லிலிருந்தும், ஷத் என்பது மலையைக் குறிக்கும் அக்கேடியச் சொல்லிலிருந்தும் பிறந்தவை. பழைய குறி புதிய மொழியில் புகுந்தபோது பழைய ஒலியை விடாமல் புதிய ஒலிகளையும் ஏற்றது. சுமேரியர் என்னும் பெயரை இம்மக்களுக்கு ஒப்பெர்த் என்ற அறிஞர் சூட்டியது 1869ஆம் ஆண்டில். ஹிங்க்ஸ் மறைந்து மூன்றாண்டுகள் கழிந்த பின்னர். பெயர் தெரியாத ஒரு மக்களினம் இருந்தது என்பதை, எழுத்தின் இயல்பை மட்டும் நோக்கி உய்த்துணர்ந்தார் அவர்.

இனி விவிலியத்தோடு தொடர்புடைய நிகழ்ச்சிக்கு வருவோம். 1846ஆம் ஆண்டு இறுதியில், டைகிரிஸ் ஆற்றங்கரையிலுள்ள நிம்ரூத் என்னுமிடத்தில் லேயார்டு என்பவர் அகழ்ந்துகொண்டிருந்தபோது, ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரமுள்ள கருங்கல் தூண் ஒன்று வெளிப்பட்டது. நாற்புறமும் ஐந்தடுக்குகளில் இருபது சிற்பக் காட்சிகள்; அவற்றுக்கு மேலும் கீழும் ஆப்பெழுத்து வரிகள். திறை செலுத்த வந்தோரின் ஊர்வலம் அதில் செதுக்கப்பட்டிருந்தது. இரண்டாம் அடுக்கில் ஒருவன் அரசன் காலடியில் நெற்றி நிலம்பட வீழ்ந்து கிடக்கின்றான். தூணை நிறுவியவன் கி.மு. 858 முதல் 824 வரை அசீரியாவை ஆண்ட மூன்றாம் சல்மானேசர் என்பதை இன்று அறிவோம். வீழ்ந்து கிடப்பவன் யார்?

ஆப்பெழுத்து ஆராய்ச்சியில் பெரும்புகழ் பெற்ற ஹென்றி ராலின்சன் 1850ஆம் ஆண்டில் இத்தூணின் வாசகத்தை மொழிபெயர்த்து வெளியிட்டார். அக்காட்சிக்குரிய வரியில் 'ஹூபிரியின் மகன் யாஹுவா' என்று படித்தவர், அவன் யாரென்று அறியாது விட்டுவிட்டார். கில்லிலே ஊரில் ஹிங்க்ஸ் அதே வரியை ஆராய்ந்தார். இரண்டாம் பெயரின் நடு ஒலி பகரமன்று, மகரம் என்று தெளிந்தார். ஹூம்ரி என்றால் அது சமாரியா நகரை நிறுவிய உம்ரி அரசன். முதற்பெயர் இஸ்ரவேல் அரசனாகிய யெகூ. 1851ஆம் ஆண்டு டிசம்பரில் 'அத்தீனியம்' என்னும் இலண்டன் வார இதழில் இந்த முடிவு வெளிவந்தது. அசீரியத் தூணில் விவிலிய அரசன் ஒருவன் பெயரோடும் உருவத்தோடும் நிற்பது உலகுக்குத் தெரிந்தது. நெற்றி நிலம்பட வீழ்ந்திருப்பவன் யெகூவே எனச் சிலரும், அவனுடைய தூதன் எனச் சிலரும் இன்று கருதுகின்றனர். எவ்வாறாயினும், பெயர் அறிந்த ஓர் இஸ்ரவேல் அரசனோடு தொடர்புடைய சிற்பங்களுள் அதுவே நமக்குக் கிடைத்த மிகப் பழையது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். விவிலியத்தின்படி யெகூ உம்ரியின் மகன் அல்லன். உம்ரியின் குலத்தையே வேரறுத்து அரியணை ஏறியவன். கல்லோ 'உம்ரியின் மகன்' என்கின்றது. அசீரியர் இஸ்ரவேல் நாட்டை 'உம்ரியின் வீடு' என்றே வழங்கினர். அந்நாட்டை ஆண்டவன் எவனாயினும் அவர்களுக்கு அவன் உம்ரியின் மகனே என்று அறிஞர் பலர் விளக்குவர். மேலும், யெகூ அசீரியனுக்கு வெள்ளியும் பொன்னும் பொற்கிண்ணங்களும் வெள்ளீயமும் அரசன் கைக்கோலும் திறையாக அளித்த செய்தி விவிலியத்தில் இல்லை. ஆகவே கல் நூலுக்கு எதிரொலியாக நிற்கவில்லை. தனிச் சாட்சியாக நிற்கின்றது. சில செய்திகளில் உடன்படுகின்றது, சிலவற்றில் வேறுபடுகின்றது, சிலவற்றைப் புதிதாகச் சொல்லுகின்றது. சமய குருவாக இருந்தும் ஹிங்க்ஸ் கல்லில் இருந்ததையே படித்தார். நூலுக்கு இசைய அதனை வளைக்கவில்லை.

பிற பெயர்களும் தொடர்ந்து வெளிவந்தன. நிம்ரூத்தில் கிடைத்த மற்றொரு கல்லில், திறை செலுத்தியோர் வரிசையில், சமாரியாவின் மெனாகேம் அரசனை ஹிங்க்ஸ் இனங்கண்டார். கி.மு. 701ஆம் ஆண்டில் சனகெரிப் யூதா நாட்டின்மேல் படையெடுத்த செய்தி அசீரிய ஆண்டுக் குறிப்புகளில் படிக்கப்பட்டது. எசேக்கியா அரசன் அளித்த திறை 30 தாலந்து பொன் என்று விவிலியமும் கூறுகின்றது. அசீரியக் குறிப்பும் கூறுகின்றது. வெள்ளியின் கணக்கில் மட்டும் விவிலியம் 300 என்றும், வென்றவன் 800 என்றும் கூறுகின்றனர். 1853ஆம் ஆண்டில் லேயார்டு வெளியிட்ட நினிவே, பாபிலோன் அகழ்வுகளைப் பற்றிய நூலில் இச்சாசனங்களை விளக்கிய இடங்களில் ஹிங்க்ஸின் உதவியை நன்றியோடு குறித்துள்ளார்.

புகழ் ஏன் மற்றொரு திசையில் சென்றது என்பதை இனிக் காண்போம். ராலின்சன் 1827ஆம் ஆண்டில் கும்பெனியின் பம்பாய்ப் படையில் சேர்ந்தவர். பாரசீகத்தில் பெகிஸ்தூன் என்னும் செங்குத்துப் பாறையில் ஏறி, உயிரைப் பணயம் வைத்து, தாரியவு மன்னனின் மும்மொழிச் சாசனத்தைப் படியெடுத்தவர். 1843ஆம் ஆண்டு முதல் பாக்தாத் நகரில் அரசியல் பிரதிநிதியாக இருந்தவர். அகழ்ந்தெடுத்த கற்கள் முதலில் அவர் கண்ணுக்கே பட்டன. வீரமும் பதவியும் சேர்ந்த அவ்வரலாறு மக்கள் மனத்தைக் கவர்ந்ததில் வியப்பில்லை. கில்லிலே குருவுக்கோ புதிய சாசனத்தின் படி ஒன்று கிடைக்கவும் பிறர் தயவு வேண்டியிருந்தது. அவர் கட்டுரைகள் பெரும்பாலும் டப்ளின் நகரத்து அரச அயர்லாந்துக் கழகத்தின் ஏடுகளில் வெளிவந்தன. அவற்றைப் படித்தோர் சிலரே. ராலின்சன் ஹிங்க்ஸின் கண்டுபிடிப்புகளைப் பயன்படுத்தியும் உரிய அளவில் பெயர் குறிக்கவில்லை என்பது பின்வந்த ஆராய்ச்சியாளர் சிலரின் முடிவு.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தார் 1853ஆம் ஆண்டில் ஹிங்க்ஸை ஓராண்டுக் காலத்துக்குச் சாசனங்களைப் படித்து மொழிபெயர்க்க அமர்த்தினர். அவ்வேலையில் நிரம்பிய குறிப்பேடுகளை அவர் அருங்காட்சியகத்தில் ஒப்படைத்தார். அவை அச்சேறவில்லை. பதவியும் நீடிக்கவில்லை. அவர் மீண்டும் தம் ஊருக்கே திரும்பினார். திருச்சபையிலும் உயர்பதவி எதுவும் அவரை வந்தடையவில்லை.

ஆயினும் அவர் வாசிப்பு மெய்யா என்னும் வினாவுக்கு நேர்மையான விடை ஒன்று விரைவில் கிடைத்தது. ஒரே குறிக்குப் பல ஒலி என்றால் எதையும் எவ்வாறும் படித்துவிடலாமே. இது ஆராய்ச்சியன்று, கற்பனை என்று ஐயுற்றோர் பலர். ஒளிப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவராகிய பாக்ஸ் டால்பட் என்பவர் ஆப்பெழுத்திலும் வல்லவர். முதலாம் திக்லத்பிலேசர் அரசனின் களிமண் பட்டகத்தில் பொறித்த நீண்ட வாசகத்தைத் தாமே மொழிபெயர்த்து, முத்திரையிட்ட உறையில் வைத்து, 1857ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இலண்டன் அரச ஆசியக் கழகத்துக்கு அனுப்பினார். பிறரும் அதே வாசகத்தைத் தனித்தனியே மொழிபெயர்க்கட்டும். பிறகு எல்லாவற்றையும் ஒருங்கே பிரித்து ஒப்பிடுங்கள் என்றார். கழகத்தார் ராலின்சன், ஹிங்க்ஸ், ஒப்பெர்த் மூவரையும் வேண்டினர். நால்வரும் ஒருவர் எழுதியதை மற்றவர் காணாது எழுதினர்.

மே மாதத்தில் நடுவர்கள் உறைகளைப் பிரித்தனர். அவர்களுள் கிரேக்க வரலாற்றாசிரியர் குரோட், குருமுதல்வர் மில்மன், எகிப்து ஆராய்ச்சியாளர் வில்கின்சன் ஆகியோர் இருந்தனர். ஹிங்க்ஸுக்குக் கிடைத்த காலம் குறைவாகையால் அவர் வாசகத்தின் சில பகுதிகளையே முடித்திருந்தார். ஆயினும் நான்கு மொழிபெயர்ப்புகளும் பொதுக் கருத்தில் ஒத்திருந்தன. அரசர் பெயர், ஊர்ப் பெயர், போர்களின் வரிசை ஆகியன இணங்கின. ராலின்சன் எழுதியதும் ஹிங்க்ஸ் எழுதியதும் மிக நெருங்கியிருந்தன. கற்பனைகள் நான்கு பேரிடமும் இவ்வாறு ஒத்துவரும் என்று எவரும் சொல்ல இயலாது. போட்டியாளராக நின்ற இருவர், ஒருவருக்கொருவர் அறியாமலே சாட்சிகளாயினர்.

இதில் ஓர் அரிய உண்மை அடங்கியிருக்கின்றது. வாசிப்பு மெய்யென்பதற்கு வாசித்தவரின் பதவியோ, பக்தியோ, அவர் கடந்த பாலைவனங்களோ சான்றாகா. வேறொருவர் தனியே முயன்று அதே முடிவை அடைதலே சான்று. இதற்கு ஏற்றவாறே ஹிங்க்ஸ் வாழ்நாள் முழுவதும் நடந்தார். தாம் ஒரு குறிக்குக் கொடுத்த ஒலி தவறென்று தெரிந்தால், அடுத்த கட்டுரையிலேயே அதனைத் திருத்தி வெளியிடுவார். 1846 முதல் 1852 வரை அவர் வெளியிட்ட கட்டுரைகளை வரிசையாகப் படிப்போர், ஒருவர் படிப்படியாகத் தம்மைத் திருத்திக்கொண்டு உண்மையை நெருங்குவதைக் காணலாம்.

பெருமைகள் அறவே வாராமல் இல்லை. அரச அயர்லாந்துக் கழகம் 1848ஆம் ஆண்டில் கன்னிங்காம் பதக்கத்தை அளித்தது. பிரஷ்ய நாட்டரசு 1863ஆம் ஆண்டில் தன் உயரிய விருதுக்கு அவரைத் தேர்ந்தது. கெய்ரோ நகரில் எகிப்திய அருங்காட்சியகத் தோட்டத்தில் மேரியட் என்னும் அறிஞரின் நினைவுச் சின்னத்தைச் சூழ்ந்துள்ள எகிப்தியல் அறிஞர் சிலைகளுள் ஹிங்க்ஸின் மார்பளவுச் சிலையும் உள்ளது. எகிப்தில் ஒருநாளும் கால் வைக்காதவர் அங்கே கல்லாய் நிற்கின்றார். அவர் எழுதியனவும் பெற்றனவுமாகிய கடிதங்களைக் கெவின் கேத்கார்ட் என்னும் அறிஞர் தொகுத்து, 2007 முதல் 2009 வரை மூன்று தொகுதிகளாக டப்ளினில் வெளியிட்டார். அதன் பின்னர், எக்கண்டுபிடிப்பு எவருடையது என்பதைக் கடிதங்களின் நாள் கொண்டே அளந்தறிய வாய்ப்பு ஏற்பட்டுள்ளது.

தமிழ் நேயர்களுக்கு இவ்வரலாற்றில் ஒரு சிறு தொடர்பும் உண்டு. கில்லிலே அமைந்த டவுன் மாவட்டத்தை அடுத்தது ஆன்ட்ரிம் மாவட்டம். அங்கே 1814ஆம் ஆண்டில் பிறந்தவர் இராபர்ட் கால்டுவெல். அவரும் சமய குரு. நெல்லைச் சீமையின் இடையன்குடி என்னும் சிற்றூரில் 1841ஆம் ஆண்டு முதல் தொண்டாற்றியவர். 1856ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில், பெகிஸ்தூன் பாறையின் இரண்டாம் மொழியை எடுத்துக்கொண்டு திராவிட மொழிகளோடு ஒப்பிட்டுள்ளார். அது ஏலம் நாட்டு மொழி. அந்த இரண்டாம் வகை எழுத்தைப் பற்றி 1846ஆம் ஆண்டிலேயே டப்ளினில் கட்டுரை படித்தவர் ஹிங்க்ஸ். ஏலம் மொழிக்கும் திராவிட மொழிகளுக்கும் உறவு உண்டென்னும் கருத்தை இன்றைய மொழியறிஞருள் பெரும்பாலோர் மெய்ப்பிக்கப்பட்டதாகக் கொள்வதில்லை. எனினும், நினிவேயின் எழுத்தைப் பற்றிய விசாரணை ஒன்றின் அலை தமிழிலக்கண ஆராய்ச்சியின் கரையையும் வந்து தொட்டது என்பது மறுக்கவொண்ணாதது.

நூலகம் தொலைவில் இருந்தது. கற்கள் அதனினும் தொலைவில் இருந்தன. ஹிங்க்ஸ் கையிலிருந்தவை சில படிகளும், பொறுமையும், தவறைத் திருத்திக்கொள்ளும் துணிவுமே. இன்று ஆப்பெழுத்துப் பயிலும் மாணவர் எந்நாட்டினராயினும், முதல் நாளில் ப, பி, பு, அப், இப், உப் என்னும் அசைப்பட்டியலைத்தான் மனப்பாடம் செய்கின்றனர். அப்பட்டியலின் தலைப்பில் எவர் பெயரும் எழுதியிருப்பதில்லை. ஆனால் களிமண் ஏடுகளைப் படிக்கும் ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, கில்லிலே ஊர்க் குரு வகுத்த வழியிலேயே நடக்கின்றனர்.